தங்கம் எடுத்த தண்ணீர்

எங்கள் நானோ அறிவியல் ஆய்வுப் படிப்பில் ஒரு விதி உண்டு. வெவ்வேறு துறையிலிருந்து வந்த இருவர் ஒரே மேசையில் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். வேதியியல் படித்துவிட்டு, எல்லாம் தெரிந்த மாதிரி திரிந்த எனக்கு வாய்த்தவரை அக்கா என்றே கூப்பிடுவேன். வயது நாற்பத்தைந்து. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடம் கிருமி வளர்த்தவர். ஆறாத புண்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், மூன்று வருட விடுப்பில் படிக்க வந்திருந்தார். அதற்குள் பட்டம் வாங்காவிட்டால் வேலை போய்விடும்.

சமன்பாடுகளைக் கண்டால் அவருக்கு முழி பிதுங்கும். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு தம்பி, இல்லேன்னா விடமாட்டேன்" என்பார். கேன்டீனுக்குத் தப்பி ஓடினாலும் நோட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்துவிடுவார்.

புண்ணுக்கு மருந்தாக நான் நுண்ணிய தங்கத் துகள் செய்வேன். அவர் அதைக் கிருமிகள் மேல் விடுவார். கிருமிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. சந்தோஷத்தில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

தன் வாய்மொழித் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில் அக்கா கேட்டார்: "தங்கத்த எடுத்துட்டு, மிச்சத் தண்ணிய மட்டும் குடு."

துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க, சோப்பு மாதிரி ஒரு ரசாயனம் சேர்ப்போம். பிறகு ஐந்து முறை கழுவி அதை நீக்க வேண்டும். நான் இரண்டு முறையோடு நிறுத்திவிடுவேன். நுண்ணோக்கியில் அழகாகத்தானே தெரிந்தது!

மறுநாள் பார்த்தால், அந்த வெறும் தண்ணீரிலும் கிருமிகள் அதே மாதிரி செத்துக் கிடந்தன. கொன்றது தங்கமல்ல, என் சோப்பு.

"இத யாரும் கேக்கப்போறதில்லக்கா. காட்டாதீங்க" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"நாளைக்கு ஒருத்தர் புண்ணுல போடப்போற மருந்து தம்பி இது."

தேர்வில் முதல் படமாக அதையே காட்டினார்.

"கழுவினது யாரு?" என்றார் ஒரு பேராசிரியர்.

"சோதனைக் குழாய்ல வேற என்ன இருக்குன்னு ரெண்டு வருஷமா நான் கேக்கவே இல்ல. அது என் தப்பு சார்" என்றார் அக்கா.

பின்வரிசையிலிருந்து எழுந்தேன். "கழுவினது நான்தான் சார்."

அக்காவின் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அவர் வேலையும் போயிற்று. அவரைப் போல ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. வராந்தாவில் நின்று நான்தான் அழுதேன்.

"கண்ணத் தொடச்சுக்க. நாளைலேருந்து நீ கிருமி வளக்கற, நான் துகள் செய்யறேன்" என்றார்.