பேழைக்கு மட்டும் விலை

பொய்ப்பல் செய்து பிழைக்கிற மனுஷன், பொய் சொல்லத் தெரியாமல் முழித்த கதை இது.

தெருவில் எல்லாருக்கும் அவர் பல்செட்காரர். பல் டாக்டர்கள் கொடுக்கும் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு செய்து, பல் பதித்துக் கொடுப்பது தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பின்னறையில் மனைவி படுத்துக் கிடந்தாள். இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லியாகிவிட்டது. அவளுக்கோ உயிர்ப் பயம். காலைத் தரையில் வைத்தால் இதயம் நின்றுவிடும் என்று ஒரே சாதிப்பு.

"என்னங்க, புனிதர்களோட திருப்பண்டம் இப்போ போன்லயே கிடைக்குதாமே. உண்மையான எலும்பு, பல்லு எல்லாம். ஒண்ணு பக்கத்துல இருந்தா நான் எழுந்துடுவேங்க" என்றாள் ஒருநாள்.

அவருக்குப் போனில் எழுத்து தட்ட வராது. அதன் முகத்துக்கு நேராகத் "திருப்பண்டம்" என்று கத்தினார். அதன் காதில் தின்பண்டம் என்று விழுந்து, கேக்கும் பிஸ்கட்டுமாகக் கொட்டியது. "சனியனே, காது அடைச்சுப் போச்சா?" என்று திட்டித் திட்டிக் கடைசியில் ஒரு கடையைப் பிடித்தார். சின்னப் பேழைக்குள் ஒரு புனிதையின் முன்பல். சிவப்பு நூல், அரக்கு முத்திரை, சான்றிதழ் எல்லாம் உண்டு. அடியில் ஒரு குறிப்பு: புனிதப் பொருளை விற்பது பாவம், ஆகவே விலை பேழைக்கு மட்டும், பல் இலவசம்.

"பார்த்தீங்களா, எவ்வளவு பக்தியான ஆளுங்க!" என்று மனைவி உருகிப்போனாள்.

பார்சல் வந்தது. பட்டறையில் வைத்துப் பிரித்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளைப் பேழை. முத்திரை உடைந்திருந்தது. கண்ணாடி இருந்தது, பஞ்சு இருந்தது, பல்லைக் காணோம். கடைக்காரனைக் கேட்டால், "நீங்க காசு கொடுத்தது பேழைக்குத்தானே? பேழை வந்துடுச்சில்ல?" என்கிறான். எப்பேர்ப்பட்ட எத்தன் பாருங்கள்!

அதற்குள் பின்னறையிலிருந்து குரல். "அந்தப் புனிதை வந்துட்டாங்களா? இருங்க, நானே வர்றேன்." கட்டில் கிரீச்சிட்டது. மாதக்கணக்கில் தரையைத் தொடாத கால் தரையைத் தொடுகிற சத்தம் அவருக்குக் கேட்டது. பாவம், என்னதான் செய்வார்? செயற்கைப் பல் டப்பா கைக்கெட்டும் தூரத்தில். ஒன்றை எடுத்து அரத்தில் தேய்த்தார், ஆறிப்போன டீயில் முக்கிப் பழுப்பேற்றினார், பஞ்சில் பதித்தார், நூலைக் கட்டிச் சிவப்பு மெழுகை உருக்கி முத்திரை வைத்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தபோது மெழுகு காய்ந்திருந்தது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

அன்றிலிருந்து அவள் நடந்தாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், பால்காரரிடம் சண்டை போட்டாள். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே அவர் சந்தோஷமாகப் பல் பதித்தார். அப்புறம் ஒரு நாள் பூந்தொட்டி மண்ணில் அவளுடைய இதய மாத்திரைகள் கிடப்பதைப் பார்த்தார்.

"மாத்திரை எதுக்குங்க? அதான் அவங்க இருக்காங்கள்ல" என்றாள் சாதாரணமாக.

டாக்டரிடம் ஓடினார். "மாத்திரை நின்னா ஆளும் நின்னுடுவாங்க" என்று டாக்டர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் பழையபடி படுத்துவிடுவாள்; சொல்லாவிட்டால் செத்தே போவாள். கெஞ்சினார், மிரட்டினார், கஞ்சியில் பொடித்துப் போட்டார். அவள் துப்பினாள். வேறு வழியில்லாமல் பேழையை அவள் கண்ணெதிரே உடைத்துப் பல்லை உள்ளங்கையில் வைத்தார்.

"இது என் டப்பாவுல இருந்த பல்லுடி. நான்தான் வச்சேன். பாவி நான்தான்."

அவள் பல்லைப் பார்த்தாள். உடைந்த மெழுகைப் பார்த்தாள். "அட பாவி மனுஷா! முத்திரையை உடைச்சா அவங்க இருப்பாங்களா? போயிட்டாங்க. அதான் உங்க பல்லா மாறிக் கிடக்கு!"

"இல்லடி, நான் சொல்றதைக் கேளு…"

"வாயை மூடுங்க. உங்களுக்குப் பொய் சொல்லவே வராது. முதல்ல வேற ஒண்ணு வரவழைங்க. அது வர்ற வரைக்கும் அந்தப் பாழாப்போன மாத்திரையைக் கொண்டாங்க."

அவர் எதையும் வரவழைக்கவில்லை. தினமும் சாயங்காலம் அவள் பேழை வைக்கிற அலமாரித் தட்டைத் துடைத்துவிட்டு, "வந்துச்சா?" என்பாள். "வழியில இருக்கு" என்பார். அவள் மாத்திரையை விழுங்குவாள். கப்பல் தாமதம், முகவரி மாறிவிட்டது, அங்கே விடுமுறை என்று அவருக்குப் பொய் நன்றாகவே வந்துவிட்டது. பார்சல்காரன் அவளிடம் அப்படி எதுவும் வரவில்லை என்று உளறிவிடுவானோ என்று பயந்து, வீட்டை விட்டு வெளியே போவதையே நிறுத்திவிட்டார். அச்சு வாங்க வரச்சொன்ன பல் டாக்டர்களிடமெல்லாம் முதுகுவலி என்றார்.

நேற்றுச் சாயங்காலம் அவள் சிரித்துக்கொண்டே பட்டறைக்கு வந்தாள்.

"உங்களை நம்பினா வேலைக்காகாது. தங்கச்சிகிட்டச் சொல்லி வேற கடையில ஆர்டர் போடச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வந்துடுமாம். இதுதான் கடைசி மாத்திரை" என்று வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

பல்செட்காரர் விடிந்ததிலிருந்து வாசலிலேயே நிற்கிறார். உள்ளே அவள் தலைசீவி, புதுச்சேலை கட்டி, நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.