ஜெயராமன் கேட்ட பிதுக்கம்பருப்பு

ஞானம்மாள் ஊறிய மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு விரலால் ஓர் அழுத்து. தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக் கிண்ணத்தில் விழும். தை மாதத்துப் பச்சை மொச்சை. செம்பரம்பாக்கத்துப் பக்கம் மனை போடாமல் மிஞ்சிய நிலத்தில் விளைந்ததைக் கரையான்சாவடி ரோட்டோரம் கூறு கட்டி விற்கிறார்கள்.

டங், டங்.

உள்ளறையில் யாரோ எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டினார்கள். அவள் விரல்கள் நின்றன.

பக்கவாதத்தில் கிடந்தபோது அவள் புருஷன் ஜெயராமன் அப்படித்தான் தட்டிக் கூப்பிடுவார். போன தையில் பிதுக்கம்பருப்புக் குழம்பு கேட்டுத் தட்டினார். விழுங்கவே திணறுகிறவருக்கு மொச்சையா என்று பயந்து, "நாளைக்கு" என்றாள். விடிவதற்குள் போய்விட்டார். ஊறின மொச்சையை மாட்டுக்குக் கொட்டினாள்.

அதே கட்டிலில் இப்போது அவள் ஓரகத்தி வரலட்சுமி, ஜெயராமனை மாமா என்று கூப்பிடும் தம்பி மனைவி. அதே நோய், வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் பாதிதான். ஞானம்மாள் எட்டிப் பார்த்தாள். வரலட்சுமி தூங்கிக்கொண்டிருந்தாள். அறையில் தட்டும் இல்லை, கரண்டியும் இல்லை. இரண்டையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டவளே ஞானம்மாள்தான்.

அன்று காலையில்தான் நர்ஸ் ராணி வந்து சொல்லிப் போனாள்: "இன்னிக்கும் துன்னலன்னா நாளைக்கு மூக்குல டியூப்தாம்மா."

"டப்பா மாவ கரைச்சிக் குடுத்தா துப்புறா. நான் இன்னா பண்றது?"

"புடிச்சத குடுங்க. தோலு, திப்பி இல்லாம வெண்ண மாதிரி ஒரே பதமா இருக்கணும். கட்டியும் தண்ணியும் கலந்தாத்தான் பொரையேறும்."

"மொச்சகூடவா?"

"மசிச்சு வடிகட்டினா மொச்சகூட."

போன வருஷம் இதைச் சொல்ல ஆளில்லை.

பிதுக்கிய பருப்பைக் குழைய வேகவைத்தாள். வாயுவுக்கு இஞ்சி, பூண்டு, கொஞ்சம் சீரகம், மிளகாய் இல்லை. சல்லடையில் போட்டுத் தேய்த்தாள். வரலட்சுமியை எழுப்பி, தலையணை முட்டுக் கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். படுத்த வாக்கில் ஊட்டினால் எந்தச் சாப்பாடும் எமன்தான். மோவாயைத் தாழ்த்தி அரைக் கரண்டி நீட்டினாள்.

"வா...ணா."

"வாணாவா? கல்யாணமான புதுசுல இதே கொயம்ப சட்டியோட ஒளிச்சி வெச்சிகினு துன்னவதானே நீ?"

வரலட்சுமியின் உதடு ஒரு பக்கம் இழுத்துச் சிரித்தது. சிரித்த வாயில் கரண்டி போய்விட்டது. தொண்டை ஏறி இறங்குகிறதா என்று ஞானம்மாள் பார்த்திருந்தாள். இறங்கியது.

"ஆ சொல்லு."

"ஆ." குரலில் கரகரப்பு இல்லை, மூச்சுக்குழாய்க்குள் போகவில்லை.

"உப்பு... கம்மி."

"திமிரப் பாரேன்!"

கிண்ணம் பாதி காலியாயிருக்கும்.

டங், டங்.

இந்த முறை அடுக்களையில். ஞானம்மாள் திரும்பவில்லை. தனக்கு மட்டும் கேட்கிற சத்தம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் வரலட்சுமியின் கண் வாசற்படிப் பக்கம் போய் நின்றது.

"மா...மா," என்றாள்.

மறுநாள் காலையில் ஞானம்மாள் மீதி மொச்சையைப் பிதுக்கினாள். பரணிலிருந்து சாக்கை இறக்கி, தட்டையும் கரண்டியையும் புளி போட்டுத் தேய்த்தாள். பருப்பை வேகவைத்து வடிகட்டி, முதல் கரண்டியை அந்தத் தட்டில் எடுத்து ஜெயராமன் படத்தின் முன் வைத்தாள். அவருக்கும் திப்பி இல்லாமல்தான்.

டியூப்போடு வந்த ராணி தட்டைப் பார்த்தாள். "யாருக்கும்மா இது?"

"கேட்டவருக்கு. டியூப்ப பைலயே வை."

மிச்சத்தில் ஒரு சிட்டிகை உப்பு கூட்டிப் போட்டுக் கலக்கிக்கொண்டு, வரலட்சுமிக்கு ஊட்டப் போனாள்.