சரோஜினி அப்பாவின் பெயர் இருந்த ஹார்ட் டிஸ்க்

எங்கள் தொழிலில் முதல் பொய் கடை வாசலிலேயே வந்துவிடும்: "நான் ஒண்ணுமே தொடலே, அதுவா நின்னு போச்சு." லவுத்தோக்கா பஸ் நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து, இதைக் கேட்டுக் கேட்டு என் காது தேய்ந்துவிட்டது. சொந்தக்காரர்களுக்கு ஒரு தடவையாவது இலவசமாகக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுத்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான்.

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தால் அதற்குக் 'கூ' என்று பெயர். இங்கே காலக்கணக்கே அதை வைத்துத்தான். நாலாவது கூவுக்குப் பிறகு ஆளாளுக்கு விசாவுக்கு எழுதிப் போட்டார்கள். கட்டிலையும் பீரோவையும் விற்றுவிட்டு, ஆல்பம், பத்திரம், கல்யாண வீடியோ எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டார்கள். குடும்பமே அந்தச் சின்னப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்த பிறகு அது 'டக், டக்' என்று அடிக்க ஆரம்பிக்கும். அப்போது என் ஞாபகம் வரும்.

பல்லி

துணிக்கடை முதலாளி ஒருவர் டிஸ்க்கைக் கொண்டுவந்தார். விளக்கே எரியவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் போயிற்று என்று முடிவுகட்டி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு டிஸ்க் மேல் சந்தேகம் வரவில்லை. கரண்ட் அடாப்டரைத் திறந்தேன். இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் ஒரு பல்லி, கருகிப்போய்க் கிடந்தது. எங்கள் ஊர்ப் பல்லிகளுக்குச் சூடான இடம் என்றால் உயிர். இதற்கு அந்த உயிரே போய்விட்டது.

வேறு அடாப்டர் போட்டதும் டிஸ்க் ஓடியது. மனிதர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், பல்லியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "தலையிலே விழுந்தா என்ன பலன்னு பஞ்சாங்கத்துல இருக்கு. அடாப்டர்ல விழுந்தா என்ன பலன்?"

மேல் தட்டு

பார்வதி அக்கா என்று ஒருவர் ரக்கிரக்கி என்ற ஊரிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் வந்திருந்தார். கையில் ஐஸ் பெட்டி. எனக்கு ஏதோ மீன் கொண்டுவந்திருக்கிறார் என்று நாக்கில் நீர் ஊறியது. திறந்தால், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஹார்ட் டிஸ்க், மேலெல்லாம் பனி பூத்து இருந்தது. டிஸ்க் 'டக், டக்' என்று அடித்ததாம். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்று யாரோ போனில் வைத்தியம் சொன்னார்களாம்.

"அக்கா, உள்ளே ஈரம் இறங்கினா மொத்தமும் கெட்டு கராப் ஆயிடும்!" என்று கத்தியே விட்டேன். பையைப் பிரித்தால் மீன் வாசனை கடையைத் தூக்கியது. அதையும் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மீனோட வெக்கலே தம்பி. மீனுக்கு மேல் தட்டுல, தனியாத்தான் வெச்சேன்."

எந்த ஃபோல்டர்?

டிஸ்க் காய்வதற்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அக்கா மறுபடி பஸ் ஏறி வந்தார். "முக்கியமானது எந்த ஃபோல்டர்ல இருக்கு?" என்றேன். "அவரு பேர்ல." "அவரு பேரு என்ன?" "அதான் தம்பி, அவரு பேரு." இப்படியே நாலு சுற்று போனோம். கடைசியில் பேனாவை வாங்கிக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: வேலாயுதம். எழுதலாமாம், வாயால்தான் சொல்லக்கூடாதாம். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையுமாம். வீட்டில் அவர் எப்போதுமே 'சரோஜினி அப்பா'தான்.

சங்கடமே அதில்தான் வந்தது. கணவர் ஆக்லாந்தில் பெயிண்டர் வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆயிற்று. அக்காவும் மகள் சரோஜினியும் போய்ச் சேர விசா கேட்டிருந்தார்கள். போனில் நேர்காணல் நடத்திய அதிகாரியம்மா, "கணவர் பெயர் என்ன?" என்று கேட்டிருக்கிறார். "சரோஜினி அப்பா." மறுபடி கேட்டிருக்கிறார். மறுபடியும் சரோஜினி அப்பா. புருஷன் பெயர் தெரியாத பெண்டாட்டி உண்டா? கல்யாணச் சான்றிதழ் மட்டும் போதாது, சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் அனுப்புங்கள், மறுபடி கூப்பிடுவோம் என்று கடிதம் வந்துவிட்டது. அந்த ஆதாரமெல்லாம் இந்த டிஸ்க்கில்.

"ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே அக்கா?" என்றேன். எனக்குக் கோபம்தான். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அது அடங்கிப்போனது. "மூணு மாடி உயரத்துல, சாரத்து மேல நிக்கிற மனுஷன் தம்பி. இந்த நேரத்துலயா பேரைச் சொல்றது?"

கட்டைவிரல்

சாகப்போகிற டிஸ்க்கை அவசரப்படுத்தக் கூடாது. பத்து நிமிஷம் ஓடவிட்டு, அரைமணி நேரம் நிறுத்தி, மேஜை ஃபேனைத் திருப்பி வைத்து, கெட்டுப்போன இடங்களைத் தாண்டித் தாண்டி நகல் எடுத்தேன். ஒவ்வொரு 'டக்'குக்கும் அக்கா முருகனைக் கூப்பிட்டார். முருகன் பெயரைச் சொல்லத் தடையில்லை போலிருக்கிறது.

இருநூறு படங்களுக்கு மேல் தேறின. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அக்கா இருக்கிறார், சரோஜினி இருக்கிறாள், ஆடு மாடு எல்லாம் இருக்கிறது, புருஷனை மட்டும் காணோம். எல்லாப் படத்தையும் எடுத்தவர் அவரே! "ஒண்ணுலகூட அவரு இல்லையே அக்கா" என்றேன். அக்கா குனிந்து, திரையின் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்த சதைத்துண்டைத் தொட்டுக் காட்டினார். லென்ஸை மறைத்துக்கொண்டு ஒரு கட்டைவிரல். "ஏன் இல்லே? எல்லாத்துலயும்தான் இருக்காரே!"

நேரமாச்சு

மிச்சம் இருந்தது கல்யாண வீடியோ. கல்யாணம் முதல் கூவுக்கும் இரண்டாவது கூவுக்கும் நடுவில் நடந்ததாம். இரண்டும் ஒரே வருஷம் என்பதால் முகூர்த்தம் கிடைத்ததே பெரிய காரியம். பழைய கேசட்டை டிஸ்க்கில் ஏற்றி வைத்திருந்தார்கள். தாலி கட்டுகிற இடம் முழுக்கப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டு வாசலில் படம் உறைந்து நின்றது. தெரிந்ததெல்லாம் ஒரு கதவும் பாதி மாலையும்தான். தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ஆனால் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அக்கா கதவை மறித்துக்கொண்டு, "புருஷன் பேரைச் சொல்லு, உள்ளே விடறேன்" என்கிறாள். சிரிப்பு. பெண் வாயே திறக்கவில்லை. மறுபடி சிரிப்பு. திடீரென்று ஒரு கிழவர் கத்துகிறார்: "கர்ஃபியூ நேரமாச்சு! பட்டாளத்து லாரி வந்துரும், சீக்கிரம் சொல்லித் தொலை பொண்ணே!" உடனே கல்யாணப் பெண்ணின் இளங்குரல் வீறிட்டது: "வேலாயுதம்!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. அக்காவின் கண்ணில் நீர் முட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, யாரோ குற்றம் சொன்னதுபோல் விளக்கம் கொடுத்தார்: "அன்னிக்கு ஒரு நாள் சொல்லலாம் தம்பி. அதுக்குக் குத்தம் இல்லே."

மெஷினுக்குள்ளே

படங்களை அனுப்பினோம். இரண்டாவது நேர்காணலுக்கு அக்கா என் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார். போன் வந்தது. அதிகாரியம்மா படங்களில் கணவர் ஏன் இல்லை என்றார். அக்கா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கட்டைவிரல் கதையைச் சொன்னார். "சரி, இப்போது கணவர் பெயரைச் சொல்லுங்கள்." அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பட்டனை அழுத்தினேன். போனை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தார். சிரிப்பு, கிழவர், லாரி, "வேலாயுதம்!"

அதிகாரியம்மாவின் குரல் உயர்ந்தது. யார் அது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் என்றார் அக்கா. நேர்காணலில் அவருக்கு என்ன வேலை? அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார்: "பேசினது நான்தான் மேடம், பத்தொன்பது வயசுல. அவரு பேரு இந்த மெஷினுக்குள்ளதான் இருக்கு."

அதிகாரியம்மா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. பிறகு கதவை மறித்தது யார், எதற்கு, லாரி வந்ததா என்று அரைமணி நேரம் கதை கேட்டார்.

ஆக்லாந்து

விசா வந்தது. சரோஜினி அப்பாவும் சாரத்திலிருந்து பத்திரமாக இறங்கி ஏர்போர்ட்டுக்கு வந்தாராம். மாதம் இரண்டு கழித்து அக்கா போன் செய்தார். சுகம் விசாரிக்கத்தான் என்று நினைத்து உருகிப்போனேன். "தம்பி, இங்கே ஆஸ்பத்திரி, பேங்க், எங்கே போனாலும் பேரைத்தான் கேக்கறாங்க. அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டி என் போனுக்கு அனுப்பிவிடு."

வெட்டி அனுப்பினேன், மறுநாளே பேங்கில் அதுதான் பேசியதாம். எங்கள் ஊரிலிருந்து குடிபெயர்ந்து போய், போன மறுநாளே வேலையும் கிடைத்து, இன்றுவரை பழுதில்லாமல் ஓடுகிற ஒரே ஆசாமி அந்த மூன்று விநாடிச் சத்தம்தான்.