கொதிக்கும் கஞ்சிக்கு ஒரு பம்பு

வீட்டிலேயே பீர் காய்ச்சும் என் இன்ஜினியர் மகன், கொதிக்கும் பார்லிக் கஞ்சியை ஏர்கூலர் பம்பால் ஏற்றினான். பம்பு உருகி, குழாய் தெறித்து, அவன் காலெல்லாம் கொப்புளம். அவனுக்குச் சூடு தாங்கும் பம்பு வேண்டுமாம். அடுத்த முறை முகத்தில் தெறிக்கக் கூடாதே என்று தாம்பரத்தில் ஒரு பம்புக் கடைக்கு நானே போனேன்.

கடைக்காரருக்கு நெற்றி நிறையக் குங்குமம். விற்கும் ஒவ்வொரு பம்பையும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கொடுத்தார்.

"கொதிக்கிறதுக்கா? இன்னாத்துக்கு சார்?"

"ஆடி மாசம்... கோயில்ல கூழ் ஊத்த." பொய்யிலும் எனக்குப் பக்திதான்.

"கூழு கெட்டியா இருக்குமே, அடைச்சுக்கும்."

"இது பார்லிக் கூழ். தண்ணியா இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டீல் பம்பு ஒன்றைக் கண்ணில் ஒற்றி நீட்டினார். "பானை மட்டத்துக்குக் கீழ வைங்க சார். அப்புறம், அம்மன் கூழு பாட்டிலுக்குள்ள பொங்கி வெடிக்கும். மூடிய பாத்து போடச் சொல்லுங்க."

அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அவமானப்படுத்தியதில்லை.