கேட்டு எடுத்த வண்டி

தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பஞ்சுக் கம்பெனித் துரைமார் சிலர், கப்பல் ஏஜெண்ட் ஒருவர், அப்புறம் முத்தையாபுரம் பக்கம் உப்பளம் வைத்திருந்த தாணுலிங்க நாடார். மற்றவர்களெல்லாம் இங்கிலீஷ்காரன் வண்டியை வாங்கியபோது இவர் மட்டும், சண்டை வருவதற்கு முந்தின வருஷம், ஜெர்மனியிலிருந்து ஒரு பென்ஸ் வண்டியை வரவழைத்தார். கறுப்பு வண்டி. மூக்கில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம். அது வந்து இறங்கிய அன்று பாதி ஊர் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தது. அந்த வண்டியை ஓட்டிய தொம்மையின் கதை இது. நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

தொம்மை கடற்கரைப் பையன். அப்பா முத்துக்குளிக்கிறவர். சிப்பியை எடுக்கிறவன் அதைத் தோணியில் வைத்துத் திறக்கக் கூடாது. கரைக்குக் கொண்டுவந்து, சர்க்கார் கொட்டகையில் குவித்து, பங்கு பிரித்த பிறகுதான் அவனுடைய பங்கு அவனுக்கு. அதற்கு முன்னால் ஒரு சிப்பியைத் தொட்டாலும் திருடன்தான். ஒரு சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்புக் காலத்தில், தொம்மையின் அப்பா கோவணத்தில் ஒரு சிப்பியை முடிந்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கடற்கரை மணலில் அத்தனை பேர் முன்னால் உட்கார வைத்து அதைத் திறந்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் சதை. ஆனாலும் பேர் போனது போனதுதான். மனுஷன் அதற்குப் பிறகு கடலுக்கே போகவில்லை. தொம்மைக்கு மீசை முளைக்கும் முன்பே 'சிப்பித் திருடன் மவன்' என்ற பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தப் பட்டத்தைக் கழற்ற அவன் பட்ட பாடு இருக்கிறதே! அடுத்தவர் பொருளைக் கேட்காமல் தொடமாட்டான். மழையில் நனைந்துகொண்டு நிற்பானே தவிர, காரில் கிடக்கும் முதலாளியின் குடையை எடுத்து விரிக்கமாட்டான். தாணுலிங்கம் அவனை டிரைவராக வைத்துக்கொண்டதே இதற்காகத்தான். அவன் பெண்டாட்டி பிளாரன்ஸ் வாய்க்காரி. அவனைக் கேலி செய்யாத நாள் இல்லை.

"என்னயக் கட்டிக்கிடவும் யார்கிட்டயாவது கேட்டுட்டுத்தான் வந்தியளோ?"

"ஆமா, ஒங்க அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான வந்தேன்."

"நல்லவேள, எங்க அப்பா மாட்டேன்னு சொல்லல. சொல்லியிருந்தா அப்படியே திரும்பிப் போயிருப்பிய!"

வண்டியோடு ஒரு ஜெர்மன் மெக்கானிக்கும் வந்திருந்தான். தொம்மைக்கு ஓட்டவும் பழுது பார்க்கவும் சொல்லிக் கொடுக்க சில நாள் தங்கினான். பாதி இங்கிலீஷ், பாதி கைச்சாடை. இந்த நட்சத்திரத்தின் மூன்று முனையும் தரை, தண்ணீர், ஆகாயம். மூன்றிலும் எங்கள் எஞ்சின் ஓடுகிறது என்றான். இரண்டு கம்பெனி ஒன்றாகச் சேர்ந்த கம்பெனி இது, அதில் ஒரு கம்பெனி வண்டிக்கு மெர்சிடிஸ் என்று ஒரு சின்னப் பெண்ணின் பேரை வைத்தார்கள் என்றான். பிளாரன்ஸ் இதைக் கேட்டதும், "மெர்சேதஸ்னா நம்ம மாதா பேருல்லா! அப்போ நல்ல வண்டிதான்" என்று சொல்லி அந்த நட்சத்திரத்தைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்த மெக்கானிக் கிளம்பும்போது தொம்மையின் தோளில் தட்டிச் சொன்னான்: "இந்த வண்டி வழியில் நிற்காது. நின்றால் அது வண்டியின் தப்பாக இருக்காது."

அவன் சொன்னதிலேயே தொம்மை வீட்டில் அதிகம் ஓடிய கதை, பென்ஸ் துரையின் பெண்டாட்டி கதைதான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால், பென்ஸ் துரை முதன்முதலாக மூன்று சக்கரத்தில் ஒரு மோட்டார் வண்டி செய்து வைத்திருக்கிறார். வாங்க ஆளில்லை. பிசாசு வண்டி என்று ஜனங்கள் ஒதுங்கிப் போகிறார்கள். ஒரு நாள் விடியும் முன்னே அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அந்தம்மா இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழியில் எண்ணெய் தீர்ந்தது. மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினாள். குழாய் அடைத்தது, தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்திச் சரி செய்தாள். மேட்டில் பையன்கள் தள்ளினார்கள். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்து, சேர்ந்துவிட்டோம் என்று புருஷனுக்குத் தந்தி கொடுத்தாள். அந்த ஒரு நாளில்தான் பென்ஸ் வண்டி மேல் உலகத்துக்கு நம்பிக்கை வந்ததாம்.

பிளாரன்ஸ் இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பாளோ! ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரே கேள்விதான்.

"கேக்காம எடுத்தாளே, அவ புருசன் ஏசலையா?"

"ஏசலயாம் ஏளா. சந்தோசப்பட்டாராம்."

"பாத்தியளா!" என்று அவன் கன்னத்தில் இடிப்பாள்.

சண்டை வந்தது. ஜெர்மன்காரன் விரோதி ஆனான். நேற்றுவரை வண்டியைத் தடவிப் பார்த்த அதே ஜனம் 'ஹிட்லர் வண்டி' என்று காறித் துப்பியது. குண்டு போடுகிற ஏரோப்பிளேனிலும் இந்த எஞ்சின்தானாமே என்று கடைத்தெருவில் பேச்சு. போலீஸ்காரர் ஒருவர் தாணுலிங்கத்தைக் கூப்பிட்டு, வண்டியை ரோட்டில் விடாமல் இருப்பது உங்களுக்கு நல்லது என்று நைசாகச் சொல்லிவிட்டுப் போனார். தாணுலிங்கம் பயந்துவிட்டார். நட்சத்திரத்தைக் கழற்றச் சொல்லி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வண்டியைத் தூத்துக்குடி வீட்டு ஷெட்டில் ஏற்றினார்.

"ஏலே தொம்மை, வாரம் ஒருக்க ஷெட்டுக்குள்ளயே ஓடவிட்டுப் பாரு. டாங்கில இருக்க பெட்ரோல் அவசரத்துக்கு. எங்கிட்ட கேக்காம வண்டி வெளிய வரப்படாது. வந்துச்சுன்னா நான் கம்பி எண்ணணும், வெளங்குதா?"

"கேக்காம தொடமாட்டேன் அண்ணாச்சி."

சாவி அவன் இடுப்பிலேயே இருந்தது.

நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஈஸ்டர் அன்று கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்தது தூத்துக்குடிதான் என்று ஊரே கிளம்பிவிட்டது. வாடகை வண்டி, மாட்டு வண்டி, கைவண்டி எல்லாம் சட்டிபானையோடு மேற்கே போய்விட்டன. டாக்டர்களும் போய்விட்டார்கள். தாணுலிங்கம் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஆழ்வார்திருநகரியில் ஒரு வீடு பிடித்துப் போனார். உப்பளத்தைப் பார்க்க மட்டும் காலையில் முத்தையாபுரம் வந்து போவார். பிளாரன்சுக்கு மாதம் முற்றியிருந்ததால் தொம்மை எங்கேயும் போகவில்லை.

அந்த வாரமே அவளுக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். ராத்திரி முழுக்கப் பார்த்த மருத்துவச்சி ஜெயபாய் விடிந்ததும் வெளியே வந்து தொம்மையைத் தனியாக அழைத்தாள்.

"பிள்ள குறுக்க கெடக்குலே. என் கையில ஒண்ணுமில்ல. பாளையங்கோட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. உச்சிக்குள்ள போயிட்டா ரெண்டு உசிரும் தப்பிரும். ரயிலுக்குக் காத்துக் கெடக்காத."

தொம்மை உள்ளே போனான். பிளாரன்சின் அக்கா ரோஸ் அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். பிளாரன்ஸ் அவன் கையைப் பிடித்தாள். அந்த வலியிலும் அவனைத் தெரிந்து வைத்திருந்தாளே, அதைச் சொல்லுங்கள்.

"கேக்கப் போறியளா, எடுக்கப் போறியளா?"

"எடுத்துட்டு வாரேன்" என்றான் தொம்மை.

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனான். ஷெட்டைத் திறந்தான். கதவில் கை வைத்தான். அப்போது அவனுக்கு என்ன தோன்றியது என்று நினைக்கிறீர்கள்? கடற்கரை மணலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அப்பாதான். முதலாளி ஜெயிலுக்குப் போனால், 'திருட்டுப் பய மவன் புத்தியக் காட்டிட்டான்' என்று ஊர் சொல்லும். முத்தையாபுரம் இந்தா இருக்கிறது, காலை நேரம், அண்ணாச்சி அளத்தில் இருப்பார், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓடி வந்துவிடலாம். சைக்கிளை எடுத்தான் பாவி.

அளத்தில் அவர் இல்லை. "இன்னைக்கு மொதலாளி வரல. திருநகரியிலதான் இருக்காவ" என்றான் காவல்காரன். அங்கேயே திரும்பியிருக்கலாம். திரும்பியிருக்கக் கூடாதா? ஆனால் கேட்பதற்காகப் பாதித் தூரம் வந்தவனுக்குக் கேட்காமல் திரும்ப மனசு வரவில்லை. தந்தி கொடுக்கலாமென்றால், கொழும்பில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காகத் தந்தி ஆபீசில் கூட்டம் தெருவரைக்கும் நின்றதை வரும்போதே பார்த்திருந்தான். மிதித்தான். முக்காணி தாண்டினான், கொற்கை விலக்கைத் தாண்டினான். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் சங்கிலி கழன்று விழ, மாட்டும்போது விரல் கிழிந்தது. மாதாவே மாதாவே என்று வாய்விட்டு அழுதுகொண்டே மிதித்தான்.

தாணுலிங்கம் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வாசலில் வந்து விழுந்தவனைப் பார்த்து எச்சில் கையோடு ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, பிளாரன்சுக்குப் பேறுகாலம். பிள்ள குறுக்க கெடக்காம். பாளையங்கோட்டைக்குக் கொண்டு போகணும். வண்டிய எடுத்துக்கிடட்டுமா?"

அவர் அவனையே பார்த்தார். பிறகு வீடே அதிரக் கத்தினார்.

"கோட்டிக்காரப் பயலே! சாவி ஒன் இடுப்புலதானலே இருக்கு! ஒரு பிள்ளத்தாச்சிக்கு எடுக்கதுக்கு இத்தன தூரம் கேக்கவாலே வந்த?"

"நீங்கதான கேக்காம எடுக்கப்படாதுன்னு..."

"சொன்னேன்லே! இதுக்கா சொன்னேன்? எடுத்திருந்தா நான் ஏசியிருப்பேனாலே?" என்றார். இடது கையால் தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஊரில், பெட்ரோல் பஞ்சத்தால் பின்னால் கரியடுப்பு வைத்துக் கரிப்புகையில் ஓடும் லாரி ஒன்று நின்றது. அதன் டிரைவரைக் கெஞ்சி அவனை ஏற்றிவிட்டார். தாமும் ஏறிக்கொண்டார். லாரி நின்று நின்று, அடுப்பைக் கிளறிக் கிளறிப் போனது.

தூத்துக்குடி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தொம்மை ஷெட்டுக்கு ஓடிச் சாவியைப் போட்டான். அத்தனை மாதம் ரோட்டைப் பார்க்காத வண்டி, முதல் தடவையிலேயே கிளம்பிவிட்டது. ஒரு செருமல்கூட இல்லை. அவன் தெருவுக்குள் வண்டி நுழைந்தபோது ஜனங்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவர்கள் ஒதுங்கிய விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது. பிள்ளையும் உள்ளேயே போய்விட்டது. ரோஸ் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"வண்டிச் சத்தம் கேக்குதா கேக்குதான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாளே! எடுத்துட்டு வாரேன்னாவல்லா, இந்தா வந்துருவாவன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாளே! எங்கலே போன?"

வெளியே வண்டி அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் அதே வண்டியில்தான் அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள். எந்தப் போலீஸ்காரனும் நிறுத்தவில்லை. ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

சண்டை முடிந்தது. நட்சத்திரம் மறுபடி வண்டி மூக்கில் ஏறியது. ஹிட்லர் வண்டி என்று துப்பினவர்களே, "ஜெர்மன்காரன் செஞ்சா செஞ்சதுதான்யா" என்று புகழ்ந்தார்கள். தொம்மை வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பென்ஸ் துரை பெண்டாட்டி கதையை யாருக்கும் சொல்லவுமில்லை.

சுதந்திரம் வந்த வருஷம் தாணுலிங்கத்தின் மகள் செல்லக்கனிக்குப் பிரசவ வலி எடுத்தது. அவளுக்கும் சிக்கல், அவளுக்கும் பாளையங்கோட்டைதான். தொம்மை ஷெட்டு வாசலில் சாவியோடு நின்று பழக்கதோஷத்தில் தாணுலிங்கத்தின் முகத்தைப் பார்த்தான்.

"கேக்காதலே!" என்று அவர் அலறினார். "இனி என்கிட்ட கேக்காத. கெளப்பு!"

ஓட்டினான். தூத்துக்குடிக்கு அடுத்த சின்னப் புதுக்கோட்டை, வாகைக்குளம், வல்லநாடு என்று ஊர்கள் பின்னால் போயின. வண்டி எங்கேயும் நிற்கவில்லை, திணறவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் செல்லக்கனியைக் கை கொடுத்து இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைச் சத்தம் கேட்டது. தாணுலிங்கம் வேட்டி தடுக்க ஓடி வந்தார்.

"பேரன்லே தொம்மை! ரெண்டு பேரும் சொகம்!"

தொம்மை வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தான். அவர் சொன்னது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு அண்ணாச்சி?" என்று கேட்டான்.

தாணுலிங்கம் அவன் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.