கம்பெனி பார்க்க வந்தார்கள்

தீபாவளி லீவு முடிந்து கம்பெனி திறந்த திங்கட்கிழமை அபிராமி வேலையை விட்டுப் போனாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. காலையில் வழக்கம்போல வந்தாள். தன் ஓவர்லாக் மிஷினில் படிந்திருந்த பஞ்சைப் பிரஷ்ஷால் துடைத்தாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் உதிர்ந்திருந்ததால் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். மிஷினோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். பிறகு சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள்.

லைன் சூப்பர்வைசர் ராஜவேல், அவள் பாத்ரூம் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பையோடு யாரும் பாத்ரூம் போவதில்லை என்பது மத்தியானம்தான் அவருக்கு உறைத்தது. அதற்குள் செல்ஃபி ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. 'புதிய பயணம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு விமானப் படம். அவள் போனது அடுத்த தெருவிலிருந்த இன்னொரு பனியன் கம்பெனிக்கு. சாயங்காலம் டீ குடிக்கப் போன மற்ற டெய்லர்களும் திரும்பி வரவில்லை. அபிராமி எங்கேயோ அங்கேதான் அவர்களும்.

ராஜவேல் என் தாய்மாமன். வேலை என்பது கிடைப்பது, விடுவதல்ல என்று நினைத்த தலைமுறை. மீசை முளைக்காத வயதில் அவிநாசியிலிருந்து டவுன் பஸ் ஏறி வந்து, வேலை கேட்டு இந்தக் கம்பெனியின் கேட்டுக்கு வெளியே நின்றவர். முதலாளி ரத்தினசாமி காரைப் பின்னால் எடுத்தபோது இவர் குறுக்கே நின்றிருக்கிறார். முதலாளி கையை வீசி ஏதோ காட்டினார். மாமா அதை உள்ளே போகச் சொன்னதாக எடுத்துக்கொண்டு உள்ளே போய், டெய்லர்களுக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடிப்பவர்களோடு உட்கார்ந்துவிட்டார். ஓரமாகப் போகச் சொன்னேனா, உள்ளே போகச் சொன்னேனா என்று முதலாளிக்கே இன்றுவரை நிச்சயமில்லை.

அங்கிருந்து படிப்படியாக லைனின் தலைப்புக்கு வந்தார். முதல் மிஷினுக்குப் பக்கத்தில்தான் நிற்பார். நின்று நின்று அங்கே தரையின் பெயின்ட் தேய்ந்து, இரண்டு பாதங்களின் வடிவம் விழுந்திருந்தது. சொந்த ஊட்டில்கூட அவருக்கென்று இப்படி ஓர் இடம் இல்லை என்பாள் அத்தை.

காலியான லைனை முதலாளி பார்த்தார்.

"ராஜவேலு, தை முடியறதுக்குள்ள சரக்கு தூத்துக்குடி போயாகோணும். பொங்கலுக்குள்ள லைன் ஓடோணும். லைனே இல்லீன்னா லைன் சூப்பர்வைசர நான் எங்க நிக்க வெக்கறது?"

மாமா குனிந்து பாதங்களின் வடிவத்தைப் பார்த்தாராம்.

விட்டுப்போனவர்களுக்கெல்லாம் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. ஒருத்தி மட்டும் கட்டைவிரல் படம் அனுப்பினாள். அது சரி என்பதா, டாட்டா என்பதா என்று எங்கள் ஊட்டுக்கு வந்து என்னைக் கேட்டார். நான் அப்போதுதான் நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பி, அடுத்து எங்கே போகலாம் என்று மாடியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் அம்மா சாரதாமணிதான் வழி சொன்னாள். "நேர்ல போய்க் கேளு ராஜு. வயசுப் புள்ள இருக்கற ஊட்டுக்கு வெறுங்கையோட போகாத. தனியாவும் போகாத. இவளக் கூட்டிட்டுப் போ, சும்மாதான இருக்கறா."

வயசுப் பெண் இருக்கும் ஊட்டுக்கு ஒன்றைக் கேட்டுப் போக மாமாவுக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். எவர்சில்வர் தட்டு, தேங்காய், ஒரு சீப்புப் பழம், வெற்றிலை பாக்கு, மேலே மல்லிகைச் சரம். நல்ல நேரம் பார்த்து, சலவைச் சட்டை போட்டு, என் ஸ்கூட்டரின் பின்னால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் எத்தனையோ தேசங்களில் திராட்சை பறித்திருக்கிறேன், பாத்திரம் கழுவியிருக்கிறேன். எந்த முதலாளியும் எனக்குத் தட்டு கொண்டு வந்ததில்லை.

அபிராமியின் அப்பா குருசாமி அயர்ன் மாஸ்டர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பவுண்டு வீடுகளில் கடைசி வீடு. தட்டோடு நாங்கள் நுழைந்ததும் காம்பவுண்டே வெளியே வந்து நின்றது. அபிராமியின் அம்மா ராமுத்தாய் தட்டைப் பார்த்தாள், மாமாவின் நரையைப் பார்த்தாள்.

"யாருக்கு சார் கேக்கீங்க?"

"கம்பெனிக்குங்க."

நான் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பாயை உதறி விரித்தாள்.

"இப்பிடி மொறையா ஒருத்தராவது வந்தீங்களே. எம்புட்டுக் கம்பெனில இருந்து வேன அனுப்பி ஆரன் அடிச்சே கூப்பிடுதாக. ஆடு மாடா என்ன?"

"புள்ள அங்க சேந்துட்டாளாமுங்க?" என்றார் மாமா தயக்கமாக.

உள்ளே செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த அபிராமி தலையைத் தூக்காமல் சொன்னாள். "சேரல சார். ட்ரையல் பாக்கேன். அவங்க சரிப்பட்டு வருவாங்களான்னு."

குருசாமி தொண்டையைச் செருமினார். "தட்ட வாங்கிக்கிடுதோம். ஆனா ஒரு மொறை இருக்குல்லா. நாங்க கம்பெனியப் பாக்க வரணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால், ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். முதலாளி பட்டுக்கரை வேட்டியில் கேட்டில் நின்று வரவேற்றார். கட்டிங் டேபிளில் கேசரியும் பஜ்ஜியும் பரப்பியிருந்தது. உறவுக்காரப் பெண்கள் பாத்ரூமைத் திறந்து பார்த்தார்கள். குழாயைத் திருகினார்கள். ஃபேனைப் போட்டு அதன் கீழே கொஞ்சநேரம் நின்று, காற்று படுகிறதா என்று சேலைத் தலைப்பைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா முதலாளியையே நேராகக் கேட்டாள்.

"கம்பெனிக்குக் கெட்ட பழக்கம் எதும் உண்டா?"

முதலாளி நெளிந்தார். "எப்பவாச்சும் ஒன்றர ஷிப்ட்டுங்க. ஆர்டர் நெருக்கத்துல மட்டும்."

"எப்பவாச்சும்னுதான் எல்லாரும் சொல்லுதாக."

ஜாதகம் கேட்டார்கள். கம்பெனிக்குப் பூஜை போட்ட நாளை வைத்து ஜோசியர் ஞானசம்பந்தம் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். அதையும் அபிராமியின் ஜாதகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பொருத்தம் பரவாயில்லை, ஆனால் மிஷின் கிழக்குப் பார்க்க வேண்டும் என்றார். மெக்கானிக் உடனே அபிராமியின் ஏழாம் மிஷினைத் திருப்பிப் போட்டார். மற்ற மிஷின்கள் எல்லாம் மேற்கே பார்க்க, அது மட்டும் கோபித்துக்கொண்டதுபோல முதுகைக் காட்டி நின்றது.

"புள்ள தனியா ரெண்டு வார்த்த பேசணும்னு சொல்லுதா" என்றார் குருசாமி.

கம்பெனி சார்பில் மாமாதான் போக வேண்டியிருந்தது. துணி ரோல்களுக்குப் பின்னால் இருவரும் நின்றார்கள். முறைப்படி காது கேட்கும் தூரத்தில் நான்.

"என்ன கொறைன்னு சொல்லு கண்ணு."

"கொறையெல்லாம் இல்ல சார். நான் லீவு சொன்னா ஏன்னு கேக்கீங்க."

"கேக்கோணுமல்ல?"

"எதுக்கு?"

மாமா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "என்னியக் கேட்டாங்க. அதனால நானும் கேக்கறேன்."

"உங்கள யாரு கேட்டா?"

"எனக்கு முன்னால இருந்த சூப்பர்வைசரு."

"அவரு இப்ப எங்க?"

"செத்துட்டாரு."

"அப்ப விட்டுரலாம்ல சார்?"

மாமா சரியத் தொடங்கிய ஒரு துணி ரோலை நிமிர்த்தி வைத்தார். அவள் கேட்டாள், "நீங்க எப்பவாவது லீவு போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கறேனே. கல்யாணத்துக்கு."

"யாரு கல்யாணத்துக்கு?"

"என்ர கல்யாணத்துக்குத்தான். மத்தியானம் வந்துட்டேன்."

அபிராமி அவரைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். கிண்டல் இல்லை. விலைச்சீட்டு இல்லாத பொருளைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

போகும்போது ராமுத்தாய் கைகூப்பினாள். "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்."

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெண் பார்க்கும் வழக்கத்தில் அந்த வாசகத்துக்கு என்ன மரியாதை என்பது எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் காத்திருந்தார்.

ஒரு வாரம் போனது. பதில் இல்லை. மற்றவர்களைக் கூப்பிட்டால், "அபிராமி அக்கா வந்தா வாரோம்" என்றார்கள். பொங்கல் நெருங்கியது. வேறு வழியில்லாமல் மாமா வேறு வேறு வீடுகளுக்குத் தட்டெடுத்தார். அதற்குள் செய்தி பரவியிருந்தது. தட்டு வராத கம்பெனிக்குப் போவது கௌரவக் குறைச்சலாகிவிட்டது. ஒடிசாவிலிருந்து வந்து மாடி அறையில் தங்கியிருந்த பையன்கூட, அப்பா அம்மா பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றான். மாமா செல்போனைத் தூக்கிப் பிடித்து, அவன் அப்பாவுக்கு வீடியோவில் பாத்ரூம் குழாயைத் திறந்து காட்டினார். அங்கே அவர் தண்ணீர் விழுவதைப் பார்த்துத் தலையாட்டியதும், இங்கே முதலாளி பையனுக்குக் கேசரி ஊட்டினார்.

எப்படியோ லைன் நிறைந்தது. சரக்கும் போனது. ஆனால் மாமா ஊடு ஊடாக அலைந்த நாட்களில் லைன் தலைப்பில் ஆள் இல்லாமல் இருந்ததை முதலாளி கவனித்துவிட்டார். அங்கே ஒரு பெரிய டிவியை வாங்கி நிறுத்தினார். யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்று அது தானாகவே காட்டும். ஸ்டாண்டின் கால்கள், அளந்து வைத்ததுபோல அந்தப் பாதங்களின் மேலேயே நின்றன.

"நீங்க இனி ஆள் பாக்கற வேலைய மட்டும் பாருங்க ராஜவேலு. உங்களுக்குத்தான் அந்தக் கை ராசி" என்றார் முதலாளி. விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார். 'உறவு மேனேஜர்' என்று போட்டிருந்தது.

வேலை போகவில்லை. நிற்கும் இடம்தான் போனது. பூக்கடையிலும் பழக்கடையிலும் மாமாவுக்குக் கணக்கு வைத்தாயிற்று. சம்பளம் முன்பைவிட அதிகம். கம்பெனிக்குள் வந்தால் மட்டும் எங்கே நிற்பது என்று தெரியாமல் வாட்டர் கேன் பக்கத்தில் நிற்பார். யாராவது தண்ணீர் பிடிக்க வந்தால் நகர்ந்துகொள்வார்.

ஏழாம் மிஷினில் யாரையும் உட்கார விடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பஞ்சைத் துடைத்துப் பொட்டு வைப்பார். வேறு ஆளைப் போடச் சொன்ன முதலாளியிடம், "பதில் இன்னும் வரலீங்க. பேசி வெச்ச எடமுங்க" என்றார். முதலாளிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த வருடம் ஆவணி முதல் தேதி, மாமா எங்கள் ஊட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்துப் படித்தார். என்னிடம் நீட்டிச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். நான் படித்து முடித்ததும், "அக்கா, ஊட்ல ரவை இருக்குதா?" என்று அம்மாவைக் கேட்டார். வந்திருந்தது இதுதான்:

"வணக்கம் சார். அபிராமி. லேட் ஆயிருச்சு, மன்னிச்சுக்கங்க. கடைசியா ஆடி முடியட்டும்னு அம்மா சொன்னாங்க. வீட்ல கலந்து பேசிட்டோம். எல்லாருக்கும் உங்களப் பிடிச்சிருக்கு. கம்பெனிதான் பிடிக்கல. நம்ம பழைய லைன் ஆளுங்க சேர்ந்து மங்கலம் ரோட்டுல ஷெட் எடுத்து மிஷின் போட்டுருக்கோம். லைன் தலைப்புல நிக்க ஆள் வேணும். லீவு சொன்னா ஏன்னு கேக்கக் கூடாது, அது ஒண்ணுதான் கண்டிஷன். டிவி கிடையாது. தரைக்கு பெயின்ட் அடிச்சாச்சு, இன்னும் யாரும் மிதிக்கல. ஞாயித்துக்கிழமை தட்டோட வாரோம். அதுக்கப்புறம் நீங்க எல்லாரும் கம்பெனி பாக்க வாங்க."