வாப்பாவின் இடது காலும் என் இறால் கோது மருந்தும்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். உம்மா சின்ன வயதிலிருந்தே அதற்காக ஏசுவார். அந்த வாயால் ஒருநாள் வாப்பாவின் கால் போகும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் உதவி ஆய்வாளர். இறால் கோதிலிருந்து, அதாவது அதன் மேலோட்டிலிருந்து, எடுக்கும் ஒரு பொருளைக் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களாக்கி, அவற்றுக்குள் கிருமிகொல்லி மருந்தை அடைப்பது எங்கள் வேலை. கோது கொண்டுவந்து தருபவர் வாப்பாதான். கல்முனைச் சந்தையில் இறால் விற்பவர். பையை நீட்டும்போதே, "குப்பைக்குப் போற கோதுக்கு வந்த மவுசப் பாரு!" என்று சிரிப்பார்.

அவருக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம். இடது பாதத்தில் இறால் கொம்பு குத்திய புண், இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. ஆசுபத்திரியில் கொடுத்த மாத்திரை ஒன்றுக்கும் அது கேட்கவில்லை. ஏன் என்று என்னிடம் கேட்டார். கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே ஒரு பசைப் படலத்தைப் போர்த்திக்கொண்டு கிடக்கின்றன, மருந்து உள்ளே போவதில்லை என்றேன்.

"அப்ப நம்மட ஹவுழ் பாசி மாதிரி," என்றார். பள்ளியில் தொழப்போகுமுன் முகம், கைகால் கழுவி வுழூ எடுக்கும் தண்ணீர்த் தொட்டியை வியாழக்கிழமைதோறும் தேய்ப்பவர் அவர். "தண்ணி மாத்தினாலும் போகா. குளோரின் போட்டாலும் மேலால மட்டும்தான். உள்ளுக்குப் போகணும்."

அடடா, எங்கள் பேராசிரியருக்குக்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனை எடுத்து, கண்ணாடித் தட்டில் படலம் கரைந்துபோன படத்தைக் காட்டினேன். எங்கள் துகள் அந்தப் பசைக்குள் நுழைந்து, உள்ளே வைத்தே மருந்தை அவிழ்த்துவிடும் என்று அளந்து தள்ளினேன்.

"எனக்கும் வருமா மனே இந்த மருந்து?" மகளானாலும் அவர் வாயில் நான் மனேதான்.

"இன்ஷா அல்லாஹ் வாப்பா."

கலியாணத்துக்கு வருவீர்களா என்றாலும், சட்டை நாளைக்குத் தைத்து முடியுமா என்றாலும் எங்கள் ஊரில் 'அல்லாஹ் நாடினால்' என்ற அதுதான் பதில். கேட்டவரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. வாப்பா எடுத்துவிட்டார்.

அடுத்த மாதம், புண் முற்றி வாப்பாவைச் சேர்த்திருந்த வார்டில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "நீங்கதானா அந்த மருந்து செய்ற மகள்? ரெண்டு விரல எடுக்கணும் எண்டு மூணு கிழமையாச் சொல்றம். வாப்பா கையெழுத்து வைக்கிறாரில்ல. மகள்ட மருந்து வருதாம், பொறுக்கட்டாம்."

வீட்டில் யாரிடமும் அவர் இதை மூச்சு விடவில்லை. வெட்கமும் பயமுமாகக் கட்டிலடிக்கு ஓடிக் கத்தினேன். "அது கண்ணாடித் தட்டுல மட்டும்தான் வாப்பா வேல செய்யுது! இனித்தான் எலிக்குக் குடுத்துப் பாக்கணும். மனிசருக்கு வர எத்தின வருசம் போகுமோ தெரியா!"

அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தினார். "எலிக்குக் குடுக்கப்போறத எனக்குப் பூசிப் பாரன். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

ஆய்வுகூடக் குளிர்சாதனப் பெட்டியில் அது இருந்தது. பால் கலங்கிய தண்ணீர்போல, ஒரு சிறு குப்பியில். கைப்பைக்குள் போட்டால் யாருக்கும் தெரியாது. மறுநாள் இரண்டு தடவை கையில் எடுத்தேன், இரண்டு தடவையும் திரும்ப வைத்தேன். அவருடைய இரத்தத்தில் கலந்தால் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தானே இவ்வளவு படித்தேன்? அதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்க வேண்டும்.

மருந்து கொண்டுவர மாட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான் வாப்பா கையெழுத்து வைத்தார். அதற்குள் அழுகல் மேலே ஏறிவிட்டது. விரலோடு நிற்கவில்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள், லுஹர் தொழுகைக்கு அவரைக் கதிரையில் இருத்தி, வுழூவுக்கு நான் தண்ணீர் ஊற்றினேன். முகம், கைகள், தலை, வலது கால். பழக்கத்தில் என் கை இடது பக்கம் திரும்பிவிட்டது. தண்ணீர் வெறும் சீமெந்துத் தரையில் விழுந்தது. நான் உடைந்து அழுதேன்.

"அழாத மனே," என்றார் வாப்பா. "மத்தக் கால் இரிக்கித்தானே. அதுக்காவது உன்ட மருந்து வந்திரும், என்ன?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஷா அல்லாஹ் என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.